நிற்கும் வண்டி குடிக்கும் மின்சாரம்

புது பேட்டரி போட்டதும் வண்டி பட்டென்று ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. தொல்லையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. நேற்றுவரை சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்று மட்டும் முனகிய கார், இன்று ஒரே திருப்பலில் உறுமுகிறது. ஆகவே கெட்டது பேட்டரிதான் என்று வண்டிக்காரரும் முடிவுகட்டுகிறார், கடைக்காரரும் முடிவுகட்டுகிறார். இரண்டு மாதம் போகிறது. மறுபடி அதே ‘டிக், டிக்’.

“என்னப்பா, பொங்கலுக்குத்தானே புதுசு போட்டோம்?”

“சில பீஸ் அப்படி அமைஞ்சிடும் சார். வாரண்டியில மாத்திக் குடுத்துடறேன், கவலைப்படாதீங்க.”

மாற்றிக் கொடுத்ததும் போன வழியிலேயே போகிறது. மூன்றாவது பேட்டரி வாங்கும்போது அந்தக் கம்பெனியே சரியில்லை என்ற தீர்ப்பும் கூடவே எழுதப்பட்டுவிடும்.

மொட்டைமாடித் தொட்டியில் காலையில் தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி விரிசல் விட்டிருக்கலாம். மோட்டார் ஏற்றாமல் இருந்திருக்கலாம். கீழே ஏதோ ஒரு குழாய் ராத்திரி முழுக்க ஒழுகியிருக்கலாம். மூன்றில் எது நடந்தாலும் காலையில் கண்ணுக்குத் தெரிவது காலித் தொட்டி ஒன்றுதான். லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பினால் மூன்று கோளாறும் அன்றைக்கு மறைந்துபோகும். புது பேட்டரி என்பது காருக்கு வாங்கும் லாரித் தண்ணீர். கடையிலிருந்து முழுசாக சார்ஜ் ஏறி வருவதால், ஏறாத மோட்டாரையும் ஒழுகும் குழாயையும் சில நாள், சில வாரம் அது மூடி மறைத்துவிடுகிறது.

ஒர்க்‌ஷாப் பேச்சில் இந்த மூன்றும் தனித்தனியாகவே இருக்கின்றன. சார்ஜ் நிக்க மாட்டேங்குது, சார்ஜ் ஏற மாட்டேங்குது, எங்கேயோ லீக் ஆகுது. எது நம் வண்டிக்கு என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். ஆனால் அதை எப்போது வைப்பது, எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 1859-ல் காஸ்தோன் பிளான்டே என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றோடொன்று தொடாமல் பாய் மாதிரிச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். உள்ளே விட்ட மின்சாரத்தைத் திரும்பவும் எடுக்க முடிந்தது. எடுத்த பிறகு மறுபடி ஏற்றவும் முடிந்தது. 1881-ல் கமீல் ஃபோர் என்பவர் ஈய ஆக்சைடைப் பசையாகக் குழைத்துத் தகட்டில் அப்பும் முறையைக் கொண்டுவந்தார். இன்று உங்கள் பானெட்டுக்குள் இருப்பது அந்த இருவரின் கைவேலைதான். பிளாஸ்டிக் பெட்டியும் ஸ்டிக்கரும்தான் புதுசு.

ஒரு தகட்டில் நுண்துளைகள் நிறைந்த ஈயம், எதிர்த் தகட்டில் ஈய டை ஆக்சைடு, நடுவே அமிலம். மின்சாரம் வெளியே போகப் போக இரண்டு தகடுகளின் மேலும் ஈய சல்ஃபேட் படிகிறது. அந்த சல்ஃபேட் அமிலத்திலிருந்து வருவதால் அமிலம் நீர்த்துக்கொண்டே போகிறது. ஆசிட்டின் அடர்த்தியைப் பார்த்தே பேட்டரியின் நிலையைச் சொல்லிவிடலாம் என்பது இதனால்தான். ஹைட்ரோமீட்டரின் மிதவை 1.27 பக்கம் நின்றால் முழு சார்ஜ், 1.12-க்கு இறங்கினால் காலி. ஓர் அறைக்கு 2.1 வோல்ட், ஆறு அறைக்கு 12.6 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி என்று நாம் பேச்சுக்குச் சொல்லும் பெட்டி உண்மையில் 12 வோல்ட் காட்டினால், அதில் கால்பங்குதான் மிச்சமிருக்கிறது.

படிந்த சல்ஃபேட் புதிதாக இருக்கும்வரை பொடிப்பொடியான படிகங்கள். சார்ஜ் ஏற்றினால் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பேட்டரியை காலியான நிலையிலேயே வாரக்கணக்கில் போட்டுவைத்தால் சின்னப் படிகங்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்து கெட்டிப்படுகின்றன. பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் அவை அசையாது. அந்த அளவுக்குத் தகட்டின் பரப்பு நிரந்தரமாகப் போய்விட்டது. ஆக, ‘ஒரு தடவை டவுன் ஆனா என்ன, சார்ஜ் போட்டா சரியாயிடும்’ என்பது பாதி உண்மை. ஒவ்வொரு தடவையும் பேட்டரி கொஞ்சம் சிறியதாகித்தான் எழுந்து வருகிறது.

கார் பேட்டரி இப்படிப் பலவீனமாக இருப்பதற்கு அதன் வேலையே காரணம். 1912 வரை கார்களின் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். அந்த ஆண்டின் கேடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங். அதற்கு முன் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் கல்லாப்பெட்டிக்கு மின் மோட்டார் அமைத்தவர் அவர். கல்லாவின் மோட்டாரோ, இன்ஜினைச் சுற்றும் மோட்டாரோ, சில நொடிகள்தான் உழைக்கப்போகிறது. அவ்வளவு நேரத்துக்கு அதன் தாங்கும் சக்திக்கு மீறி வேலை வாங்கினால் ஒன்றும் எரிந்துவிடாது என்பது அவர் பிடித்த புள்ளி. பேட்டரியிடமும் நாம் கேட்பது அதேதான்: ஒரே மூச்சில் 150 ஆம்பியரைத் தூக்கிக் கொடு, பிறகு சும்மா இரு. டீசல் வண்டியானால் இன்னும் அதிகம். இதற்காகவே தகடுகளை மெல்லிசாக, நிறையச் செய்து அடுக்குகிறார்கள். இன்வெர்ட்டர் பேட்டரியின் தகடு தடிமனானது, மெதுவாக ஆழம்வரை காலியாகலாம். கார் பேட்டரியை அப்படிக் காலியாக்கினால் சில பத்து தடவைக்குமேல் தாங்காது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சிறிய பெட்ரோல் கார் பலவற்றில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. 35 ஆம்பியர்-மணி என்றால் 1 ஆம்பியர் வீதம் 35 மணி நேரம். 150 ஆம்பியர் வீதம் 2 நொடி ஸ்டார்ட்டர் சுற்றினால் செலவாவது 0.08 ஆம்பியர்-மணி. முழு பேட்டரியில் நானூறில் ஒரு பங்குகூட இல்லை! அடிக்கடி ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பேட்டரி தீர்ந்துபோகிறது என்று சொல்வார்கள். ஸ்டார்ட்டருக்கு அந்தப் பழி அநியாயம். உறுமலோடு போவது துளி. சத்தமில்லாமல் போவதுதான் வெள்ளம். உட்கூரை விளக்கு ஒன்று, 5 வாட், எரிந்துகொண்டே இருந்தால் மணிக்கு 0.4 ஆம்பியர்-மணி. ஒரு நாளில் 10. இரண்டு நாள் கழித்து வந்து சாவியைத் திருப்புகிறவருக்கு ‘டிக், டிக்’.

அந்த ‘டிக்’ எதன் சத்தம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட்டர் மோட்டாரின் பெரிய ஸ்விட்சை ஒரு காந்தச் சுருள்தான் இழுத்து மூடுகிறது. அதற்கு வேண்டிய சில ஆம்பியரைச் சோர்ந்த பேட்டரியும் கொடுத்துவிடும். ஸ்விட்ச் மூடியதும் மோட்டார் நூற்றுக்கணக்கில் கேட்கிறது. வோல்ட் பொத்தென்று விழுகிறது. காந்தம் பிடியை விட்டுவிடுகிறது. பளு போனதும் வோல்ட் திரும்ப ஏறி, காந்தம் மறுபடி இழுக்கிறது. இதே சத்தம் நல்ல பேட்டரியோடும் வரும், டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பொடி பூத்திருந்தால். 0.01 ஓம் என்பது மீட்டரில் தெரியாத அளவு மின்தடை. ஆனால் 150 ஆம்பியர் அதன் வழியே போகும்போது 1.5 வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும். சோதிப்பது எளிது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழ் மேல் வையுங்கள். மறுமுனையை அதே குமிழைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மேல் வையுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். இரண்டும் ஒரே இடம்தான், ஆகவே பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் பேட்டரிக்கு ஒன்றுமில்லை. வெந்நீரும் உப்புத்தாளும் போதும். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரையும் இப்படியே பார்க்கலாம். கடலோர ஊர்களில் இதை முதலில் பார்ப்பது நல்லது.

டெர்மினல் சுத்தமாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், ‘நிக்க மாட்டேங்குது’ என்ற சந்தேகம். வண்டி ஓடி வந்து நின்ற உடனே மீட்டர் வைத்தால் 13 வோல்ட் பக்கம் காட்டிப் பேட்டரி நம்மை ஏமாற்றும். தகட்டின் மேற்பரப்பில் மட்டும் ஏறிய சார்ஜ் அது. ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பானெட்டின் நெம்பு உள்ளே இருப்பதால், முந்தின இரவே கொக்கியை விடுவித்து வைத்துவிடுங்கள். 12.6 என்றால் முழுசு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 10.5 என்று நின்றால் ஆறில் ஓர் அறை செத்துவிட்டது. அந்தப் பேட்டரிக்கு மேற்கொண்டு மருந்து கிடையாது. அடுத்தது, ஸ்டார்ட்டர் சுற்றும்போதே பார்ப்பது. முழு சார்ஜ் ஏறிய பேட்டரி அந்த இரண்டு நொடியிலும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நிற்கும்போது 12.6 காட்டிவிட்டு, சுற்றும்போது 8-க்கு விழும் பேட்டரி வெளிப்பகட்டு மட்டும் மிஞ்சியது.

சில பேட்டரிகளின் மேல் பச்சையாக ஒரு கண் இருக்கும். பச்சை தெரிந்தால் நல்லது என்று நம்பி மீட்டரைத் தொடாதவர்கள் உண்டு. அது ஆறு அறைகளில் ஒரே ஓர் அறைக்குள் மிதக்கும் சின்ன ஹைட்ரோமீட்டர். மற்ற ஐந்தில் எது செத்துக் கிடந்தாலும் பச்சையாகத்தான் சிரிக்கும்.

வெளிநாட்டுக் கையேடுகளைப் புரட்டினால் பேட்டரிக்குக் குளிர்தான் எமன் என்று இருக்கும். பேட்டரியில் அச்சிட்டிருக்கும் சி.சி.ஏ. என்ற எண்ணே, உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில் எவ்வளவு ஆம்பியர் கொடுக்கும் என்பதன் அளவு. வேலூரில் மே மாதம் வண்டி ஓட்டுகிறவருக்கு அதைப் படித்தால் சிரிப்புதான் வரும். உண்மையில் குளிர் செய்வது, ஏற்கெனவே நலிந்த பேட்டரியைக் காட்டிக்கொடுப்பது. நலியவைப்பது வெப்பம். வேதிவினைகளின் வேகம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. வெயிலில் நின்று, இன்ஜினின் அனலிலும் வெந்துகொண்டிருக்கும் பேட்டரியில் வேண்டிய வினைகளோடு வேண்டாத வினைகளும் வேகம் பிடிக்கின்றன. நேர்முனைத் தகட்டின் சட்டம் அரிக்கப்பட்டு உப்பி விரிசல் விடுகிறது. தண்ணீர் ஆவியாகிறது, தானாகவே சார்ஜ் இறங்குகிறது. குளிர்நாட்டில் டிசம்பரில் ஒரு காலைப்பொழுது எச்சரிக்கை கொடுத்துவிட்டுச் சாகும் பேட்டரி, நம் ஊரில் சொல்லாமல் கொள்ளாமல் சாவது இதனால்தான். இங்கே மூன்று, நான்கு வருஷம் உழைத்த பேட்டரி கெட்டால் குற்றவாளியைத் தேடவே வேண்டாம். வயசு முடிந்தது.

‘ஏற மாட்டேங்குது’ விஷயத்தை வேகமாகவே முடித்துவிடலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் இரண்டு குமிழ்களுக்கும் நடுவே 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. பழைய மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்பார்கள். ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடிச் சூடு எல்லாவற்றையும் போட்டும் 13-க்குக் கீழே போகாவிட்டால் சரி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, ஆசிட்டைக் கொதிக்க வைக்கிறது என்று பொருள். ஓர் எச்சரிக்கை: எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகப் புதிய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கணினி ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். அவற்றில் 12.8 என்று பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டரைக் கழற்றுவது வீண்செலவு.

டவுன் ஆன வண்டியை ஜம்பர் கேபிள் போட்டு எழுப்பி, அரை மணி நேரம் ஓட்டினால் முழுசாக ஏறிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. காலியான ஈய பேட்டரி முதலில் வேகமாக வாங்கும். முக்கால் நிரம்பியதும் ஆம்பியர் குறைந்துகொண்டே வரும். கடைசிக் கால்பங்குக்குப் பல மணி நேரம் பிடிக்கும். சென்னை நெரிசலில், ஏசியும் விளக்கும் எரிய, ஐடிலில் நகரும் வண்டியில் மிஞ்சுவது சொற்பம். எனவே ஒரு தடவை அடியோடு காலியான பேட்டரியை வீட்டு மின்சாரத்தில் ஓடும் சார்ஜரில் ஒரு ராத்திரி வைத்து எடுக்காமல், அதன் மேல் எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது. இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதால் குப்பைக்குப் போகும் நல்ல பேட்டரிகள் ஏராளம்.

இனி மூன்றாவது, ஒழுக்கு. என் கணக்கில், ‘அடிக்கடி’ டவுன் ஆகும் வண்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியதும், கடைசியில் சந்தேகிக்கப்படுவதும் இதுதான்.

நிறுத்திப் பூட்டிய கார் முழுக்கத் தூங்குவதில்லை. கடிகாரம், திருட்டு அலாரம், ரிமோட் சாவியின் குரலுக்குக் காத்திருக்கும் காது, இன்ஜின் கணினியின் ஞாபகம் எல்லாம் துளித்துளியாகக் குடிக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர்வரை குடித்தால் குற்றமில்லை. இதை அளக்க, பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் குமிழுக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் வரம்பில் வைத்து இணைக்க வேண்டும். கறுப்பு ஏன்? வண்டியின் பாடி முழுக்க எதிர்முனை. சிவப்பைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், கறுப்பில் பட்டால் ஒன்றுமில்லை. மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள். மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

அளக்கத் தொடங்கியதும் பெரும்பாலானவர்கள் பதறிப்போகிறார்கள். மீட்டர் ஆம்பியர் கணக்கில் காட்டும். ஒழுக்கைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். இல்லை, வண்டி இன்னும் விழித்திருக்கிறது, அவ்வளவுதான். இன்றைய காரில் இருக்கும் சின்னச் சின்னக் கணினிகள் ஒன்றோடொன்று ஒரே கம்பியில் பேசிக்கொள்பவை. கதவு திறந்த சேதி ஒன்றுக்குப் போனால் எல்லாம் எழுந்துகொள்ளும். மறுபடி எல்லாம் அடங்க 20 நிமிஷமோ ஒரு மணி நேரமோ ஆகலாம். எண்கள் படிப்படியாக இறங்குவதைப் பார்க்கலாம்: 3 ஆம்பியர், கொஞ்ச நேரத்தில் 0.8, பிறகு 0.3, பிறகு திடீரென்று 0.03. அந்தக் கடைசிப் படி வரும்வரை கை கட்டிக்கொண்டு நிற்பதுதான் சோதனையின் கஷ்டமான பகுதி. சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாலும் சில வண்டிகள் தூங்காது. உள்ளே ஃப்யூஸ் பெட்டியைப் பார்க்கக் கதவு திறந்திருக்க வேண்டும் என்றால், கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடவைத்து, கதவு சாத்தியிருப்பதாக வண்டியை நம்பவைக்க வேண்டும்.

அளக்கப்போகிறவரின் கை பட்டதும் நோயே மாறிவிடுவது இந்த வேலையின் வினோதம். தூங்க மறந்து சிக்கிக்கொண்ட ஒரு கணினிதான் குற்றவாளி என்று வைத்துக்கொள்வோம். மீட்டரை இணைக்கக் கறுப்பு ஒயரைக் கழற்றிய அந்த நொடியில் அதற்கு மின்சாரம் போய், திரும்ப வந்ததும் புத்தம்புதிதாகக் கண்விழித்து, ஒழுங்காகத் தூங்கிவிடும். மீட்டரில் 25 மில்லி ஆம்பியர். “ஒண்ணும் இல்லையே சார்!” மூன்று நாளில் மறுபடி டவுன். ஃப்யூஸைப் பிடுங்கினாலும் இதே கதைதான். பிடுங்கித் திரும்பச் செருகியதும் பத்துக் கணினிகள் விழித்துக்கொள்ளும்.

இதற்கு இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று, கம்பியை வெட்டாமல் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர். எலக்ட்ரீசியன்கள் வீட்டு வேலைக்கு வைத்திருக்கும் சாதாரணக் கிளாம்ப் இங்கே உதவாது. அது டிரான்ஸ்ஃபார்மர் தத்துவத்தில் இயங்குவது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் இருந்தால்தான் அதற்குக் கண் தெரியும். பேட்டரியின் நேர்மின்னோட்டம் மாறாதது. அதற்கு 1879-ல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவை வைத்து வேலை செய்யும் டிசி கிளாம்ப் வேண்டும்: மின்னோட்டம் போகும் ஒரு மெல்லிய பட்டையைக் காந்தப்புலத்தில் வைத்தால் பட்டையின் இரு ஓரங்களுக்கும் இடையே சிறு வோல்ட் தோன்றும்.

இரண்டாவது தந்திரம் எனக்கு இன்னும் பிடித்தது, ஏனென்றால் அதற்குச் செலவே இல்லை. ஃப்யூஸைத் தொட வேண்டாம். காரின் தட்டை ஃப்யூஸ்களின் தலையில் இரண்டு சின்னப் பொட்டுகளாக உலோகம் வெளியே தெரியும், சோதிப்பதற்கென்றே விட்டது. அந்த இரண்டு பொட்டுகளிலும் மீட்டரின் இரு முனைகளையும் வைத்து மில்லி வோல்ட்டைப் பாருங்கள். ஃப்யூஸ் என்பதும் ஒரு மெல்லிய கம்பிதானே, அதற்கும் சிறிது மின்தடை உண்டு. 10 ஆம்பியர் ஃப்யூஸுக்கு ஏறத்தாழ 7.5 மில்லி ஓம். அதன் குறுக்கே 1 மில்லி வோல்ட் தெரிந்தால், ஓம் விதிப்படி 130 மில்லி ஆம்பியர் அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. பூஜ்யம் காட்டும் ஃப்யூஸ்களை விட்டுவிட்டு நகரலாம். தூங்கும் வண்டியை எழுப்பாமலே எந்த வழியில் ஒழுக்கு என்று தெரிந்துவிடும்.

வழி தெரிந்தால் ஆள் கிடைப்பது சுலபம். எந்த வண்டியானாலும், கம்பெனியில் வந்த சாமானைவிட நாம் பிறகு மாட்டிய சாமானைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மியூசிக் சிஸ்டத்தின் பின்னால் ஒரு மஞ்சள் ஒயரும் ஒரு சிவப்பு ஒயரும் இருக்கும். மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இணைந்திருப்பது, ஞாபகத்தைக் காக்க. சிவப்பு சாவி போட்டால் மட்டும் உயிர் பெறுவது. சாவியில்லாமலே பாட்டுக் கேட்கலாம் என்று யாரோ இரண்டையும் சேர்த்து முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். திரை அணைந்திருக்கும், உள்ளே ராத்திரி முழுக்க விழிப்பு. டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி, ரிவர்ஸ் கேமரா, சத்தமான ஹாரனுக்குப் போட்ட கூடுதல் ரிலே எல்லாம் இந்த வரிசையில். டிக்கி விளக்கோ கையுறைப் பெட்டி விளக்கோ மூடிய பிறகும் எரிகிறதா என்று தெரியவில்லையா? செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் பொய் சொல்லாத சோதனை.

எல்லா ஃப்யூஸும் பூஜ்யம், ஆனாலும் பேட்டரியிலிருந்து அரை ஆம்பியர் போகிறது என்றால்? ஃப்யூஸ் பெட்டி வழியாகப் போகாத கனமான கம்பிகள் சில உண்டு. அதில் ஒன்று ஆல்டர்னேட்டருக்குப் போவது. ஆல்டர்னேட்டர் உள்ளே பிறப்பது மாறுமின்னோட்டம். அதை நேராக்க ஆறு டையோடுகள், ஒவ்வொன்றும் ஒருவழிக் கதவு. அந்தக் கதவுகளின் தயவில்தான் இன்ஜின் அணைந்த பிறகும் அந்தக் கனத்த கம்பியைப் பேட்டரியோடு நிரந்தரமாக விட்டுவைக்கிறார்கள். வெப்பத்தில் ஒரு டையோடு பழுதானால் பேட்டரியின் மின்சாரம் பின்வாசல் வழியே ஆல்டர்னேட்டருக்குள் நுழைந்து, காந்தச் சுருள் வழியாகவோ இன்னொரு பழுதான டையோடு வழியாகவோ பாடிக்கு இறங்கிவிடும். அதே டையோடு, வண்டி ஓடும்போது ஏற்றும் சார்ஜையும் குறைத்துவிடும். ஏறாததும் இறங்குவதும் ஒரே இடத்தில். ஓடும் வண்டியில் மீட்டரை ஏசி வரம்பில் வைத்துப் பேட்டரியைத் தொடுங்கள். நல்ல ஆல்டர்னேட்டரில் மிகச் சொற்பமே தெரியும், அரை வோல்ட்டுக்கு மேல் அலை தெரிந்தால் டையோடு போயிருக்கிறது. ராத்திரி நிறுத்திய வண்டியில், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகும் ஆல்டர்னேட்டரின் உடம்பு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் மீட்டரே தேவையில்லை.

சில சமயம் தேடித் தேடிக் கடைசியில் குற்றவாளியே இல்லை என்று தெரியவரும். 2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்து, கார்கள் நின்ற இடத்திலேயே வாரக்கணக்கில் நின்றன. 25 மில்லி ஆம்பியர், எந்தக் குறையும் சொல்ல முடியாத அளவு. ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்தில் 18. ஏப்ரல் முடிவதற்குள் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்குமேல் போய்விட்டது. கோடை வெப்பத்தில் தானாக இறங்கியது தனி. வண்டியிலும் பழுதில்லை, பேட்டரியிலும் பழுதில்லை, கணக்கு அவ்வளவுதான். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறவர்களின் கார் எப்போதும் டவுனாக இருப்பதற்கும் இதே கணக்கு. கறுப்பு ஒயரைக் கழற்றிவைத்துவிட்டுப் போனால் தீர்ந்தது. திரும்பி வந்து இணைத்ததும் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், சில வண்டிகளில் கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டாருக்கு மறுபடி பாடம் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

மிஞ்சுவது, அளக்கும்போதெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு நாம் தூங்கிய பிறகு ஒழுகும் வகை. இதற்கு மின்னோட்டத்தை ராத்திரி முழுக்கப் பதிவுசெய்யும் கருவி வேண்டும். காலையில் அதன் வரைபடத்தைப் பார்த்தால், 25 மில்லி ஆம்பியரில் நேர்கோடாகப் போய்க்கொண்டிருக்கும் வரி நடுவே எங்கேயோ அரை ஆம்பியருக்கு எழும்பி, 20 நிமிஷம் நின்று, இறங்கும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எழும்பும். வண்டிக்குள் யாரோ விழித்து விழித்துப் படுக்கிறார்கள். இணையத்தோடு பேசும் கார்களில் இந்த ஆள் பெரும்பாலும் உள்ளே சிம் வைத்திருக்கும் தகவல்தொடர்புப் பெட்டி. அடித்தளப் பார்க்கிங்கில் சிக்னல் கிடைக்காமல் அது கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். 2022-ல் அமெரிக்காவில் 3ஜி சேவைகள் நிறுத்தப்பட்டபோது, அதை நம்பிச் செய்யப்பட்ட சில கார்களின் பெட்டிகள் இல்லாத கோபுரத்தைத் தேடித் தேடிப் பேட்டரியைக் காலி செய்தன. வண்டியில் ஓர் ஒயர்கூட அறுந்திருக்கவில்லை, பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் சோதனையில் தேறின. அந்தப் பெட்டியை மாற்றினார்கள். மாற்ற வழியில்லாத இடத்தில் அதன் ஃப்யூஸைக் கழற்றிவிட்டார்கள்.